இன்ஜூடிஷியஸ் என்ற சொல்லும் காலின்ஸ் கோபில்ட் அகராதியும்

ஆங்கில அகராதி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டால், நான் ஒரு சொல்லைத்தான் சொல்வேன்: இன்ஜூடிஷியஸ் (injudicious). அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருக்கிறது, உள்ளே வண்ணப்படம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். கடையிலேயே நின்று அந்தச் சொல் இருக்கும் பக்கத்தைப் புரட்டி, அதற்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். இது தினமும் காதில் விழும் சொல் இல்லை. ஆனால் விழும் இடத்தில் கனமாக விழும். ஒருவர் எடுத்த முடிவை, அவர் பேசிய பேச்சை, பணத்தையோ மருந்தையோ அவர் கையாண்ட விதத்தைக் குறை சொல்லும் சொல். இதை ஒழுங்காக விளக்கத் தெரிந்த அகராதியை நம்பி வாங்கலாம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. தணிக்கை அறிக்கை, வேளாண்மைக் கையேடு, மருத்துவமனைகள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கை, எப்போதாவது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு என்று வேலை வரும். இந்த நான்கு வகையிலும் இன்ஜூடிஷியஸ் வந்து நிற்கும். நான்கிலும் அதைத் தமிழில் ஒரே மாதிரி எழுத முடியாது. என் மேசையில் எப்போதும் திறந்து கிடப்பது காலின்ஸ் கோபில்ட். ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி, அதாவது கற்போர் அகராதி. அண்ணன் மகள் உரிமையியல் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறாள். அந்தத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே தனித் தாள் உண்டு. "அத்தை, ஒரே ஒரு அகராதிதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதிவையே பார்ப்போம். கோபில்ட் இன்ஜூடிஷியஸுக்குக் கொடுக்கும் விளக்கம் ஒரு முழு வாக்கியம். அதன் சாரம் இது: ஒரு மனிதரையோ அவர் செய்த காரியத்தையோ நீங்கள் இன்ஜூடிஷியஸ் என்று சொன்னால், நீங்கள் அவரைக் குறை கூறுகிறீர்கள், அவர் விஷயத்தை மிக மோசமாக எடைபோட்டிருக்கிறார் என்பதுதான் உங்கள் குறை. அதோடு இரண்டு குறிப்புகள். ஒன்று, இது முறைசார்ந்த எழுத்துக்கும் பேச்சுக்கும் உரிய சொல். இரண்டாவது, இதைச் சொல்பவர் தன் அதிருப்தியைத் தெரிவிக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது "நீங்கள் சொன்னால்" என்று தொடங்குவது. சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே, சொல்கிற ஆளையும் உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். சுவர் வெள்ளை என்றால் யார் பார்த்தாலும் வெள்ளை. ஒரு முடிவு இன்ஜூடிஷியஸ் என்றால் அது ஒருவருடைய மதிப்பீடு. அப்படி மதிப்பிடும் பொறுப்பில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். அது யார், எங்கிருந்து சொல்கிறார் என்று தெரியாமல் இந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடியாது. நம் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பெரும்பாலும் விவேகமற்ற, முன்யோசனையற்ற, மதியீனமான என்று சமச்சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். மூன்றும் சரிதான். ஆனால் ஒரு துறைச் செயலரின் முடிவை மதியீனமானது என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்ன குறை, தமிழில் வசவாகிவிடும். மூன்றில் எதை எங்கே எடுப்பது என்பதற்கு அந்த வரிசையில் வழிகாட்டல் கிடையாது. கோபில்டின் இரண்டு சின்னக் குறிப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. முறைசார்ந்த சொல் என்று சொன்னவுடனேயே, "ஏண்டா இப்படிப் புத்தி கெட்டுப்போய்ப் பண்ணினே" என்று அம்மா மகனைத் திட்டும் இடம் இதற்கு உரியதில்லை என்பது விளங்கிவிடுகிறது.

இதன் எதிர்ச்சொல்லான ஜூடிஷியஸையும் அதே அகராதியில் எடுத்துப் படியுங்கள். அங்கே இருப்பது ஒப்புதல் குறிப்பு. நல்ல நிதானத்தோடும் அறிவோடும் எடுத்த முடிவு என்று சொல்பவர் மெச்சுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சொல்லின் எடை கைக்கு வரும்.

இப்படி ஒரு அகராதி எப்படி உருவானது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து 1980களில் செய்த வேலை இது. நாளிதழ், நூல், பேச்சு என்று மக்கள் உண்மையில் பயன்படுத்திய ஆங்கிலத்தைக் கணினியில் கோடிச் சொற்கணக்கில் சேர்த்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களுக்கு நடுவில் வருகிறது என்று வரிவரியாக எடுத்துப் பார்த்து, அதிலிருந்து பொருளை எழுதினார்கள். முதல் பதிப்பு 1987இல் வந்தது. எடுத்துக்காட்டு வாக்கியங்களை அகராதி ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது, யாரோ எழுதிய அல்லது பேசிய வாக்கியமாகவே இருக்க வேண்டும் என்பதில் சின்க்ளேர் பிடிவாதமாக இருந்தார். 1995இல் வந்த இரண்டாம் பதிப்புக்குள் அந்தத் தரவு 20 கோடிச் சொற்களாக வளர்ந்திருந்தது. எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதற்குச் சின்ன வைரக்குறிகளையும் அந்தப் பதிப்பில் சேர்த்தார்கள். சின்க்ளேர் 2007இல் காலமானார். உலகத்தில் இன்று வரும் கற்போர் அகராதிகள் எல்லாமே அவர் காட்டிய தரவு வழியில்தான் நடக்கின்றன.

சரி, சொல்லுக்கு வருவோம். தணிக்கை அறிக்கையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் இந்தச் சொல் உண்மையில் ஒரு ஆளின் பெயரைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும்.

சட்டமன்றம் ஒரு துறைக்கு ஒதுக்கும் பணம் பல கணக்குத் தலைப்புகளில் பிரிந்து கிடக்கும். ஒரு தலைப்பில் மிச்சமாகும் என்று தெரிந்தால், அதே மானியத்துக்குள், அதாவது சட்டமன்றம் ஒப்புதல் தந்த அதே மொத்த ஒதுக்கீட்டுக்குள், பணம் போதாத இன்னொரு தலைப்புக்கு அதை மாற்றலாம். இதற்கு மறு ஒதுக்கீடு என்று பெயர். மார்ச் மாதக் கடைசியில் கணக்கை மூடும்போது சில சமயம் என்ன தெரியவரும் என்றால், பணம் பெற்ற தலைப்பில் அது செலவாகாமல் அப்படியே கிடக்கும். அல்லது பணத்தைக் கொடுத்த தலைப்பிலேயே பற்றாக்குறை விழுந்திருக்கும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் மாநில நிதி அறிக்கைகளில் இப்படிப்பட்ட மறு ஒதுக்கீட்டைச் சொல்ல வரும் சொல்தான் இன்ஜூடிஷியஸ்.

இங்கே யாரும் பணத்தை எடுத்துக்கொண்டதாக அறிக்கை சொல்லவில்லை. மாற்றிய அதிகாரிக்கு மாற்றும் அதிகாரம் இருந்தது. எவ்வளவு செலவாகும் என்று அவர் போட்ட கணிப்புத்தான் தவறிப்போனது. அந்த அளவோடு குறை நிற்கிறது. விதியை மீறியிருந்தால் அதைச் சொல்ல இர்ரெகுலர் என்ற வேறு சொல் அதே அறிக்கையில் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் இன்ஜூடிஷியஸை "முறைகேடான மறு ஒதுக்கீடு" என்று தமிழில் போட்டால், கணிப்புத் தவறிய ஒருவர்மேல் முறைகேட்டுக் குற்றச்சாட்டு விழும். அரசியலமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி இந்த அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன; பொதுக் கணக்குக் குழு அவற்றை எடுத்துத் துறைகளிடம் கேள்வி கேட்கிறது. உறுப்பினர்கள் தமிழ்ப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக்கூடும். அறிக்கையின் பத்தித் தலைப்பில் இருக்கும் ஒரு பெயரடை எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இந்த இடத்தில் "தேவையைச் சரிவரக் கணிக்காமல் செய்த மறு ஒதுக்கீடு" என்று எழுதுகிறேன். நீளம்தான். தலைப்புக்கு இடம் போதவில்லை என்றால் "விவேகமற்ற" என்று சுருக்குவேன். அதற்குமேல் கடுமையாகப் போக எனக்கு உரிமை இல்லை.

இதே அறிக்கைகளில் இன்ஃப்ரக்சுவஸ் என்ற சொல்லும் வரும். செலவு செய்தும் பயன் இல்லாமல் போனது என்று பொருள். நம் நாட்டு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் சர்வசாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல்லை வெளிநாட்டில் தொகுத்த கற்போர் அகராதியில் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் குறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேளாண்மைக் கையேடுகளில் இந்தச் சொல் உரத்தோடும் பூச்சிமருந்தோடும் சேர்ந்து வரும். இன்ஜூடிஷியஸ் யூஸ் என்பது அங்கே ஒரு நிலைத்த தொடர். முதலில் எல்லோர் கைக்கும் வரும் மொழிபெயர்ப்பு "அளவுக்கு மீறிய பயன்பாடு" என்பது. அது பாதிதான் சரி. நெல்லுக்கு யூரியா போடுவதையே பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெளிர்ப் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் உள்ள ஒரு சின்ன அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பத்துப் பயிரில் மேலிருந்து மூன்றாவதாக உள்ள, முழுதாக விரிந்த இலையை அந்த அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி மாதிரித் தழைச்சத்துக்குக் குறைவாகவே பலன் காட்டும் ரகத்துக்கு 3க்குக் கீழே, மற்ற ரகங்களுக்கு 4க்குக் கீழே நிறம் இறங்கியிருந்தால்தான் தழைச்சத்து போட வேண்டும். இறங்கவில்லையென்றால் காத்திருக்க வேண்டும். இதுதான் ஜூடிஷியஸ் யூஸ். இலையைப் பார்க்காமல், பக்கத்து வயலில் போட்டார்கள் என்று நாமும் ஒரு மூட்டை வீசுவது இன்ஜூடிஷியஸ். அப்படி வீசினால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், புகையானும் இலைச் சுருட்டுப் புழுவும் வரும், குலைநோய் தாக்கும், கடைசியில் கதிர் சாய்ந்துவிடும். அளவு குறைவாகவே போட்டாலும், பயிர் கேட்காத நேரத்தில் போட்டால் அதுவும் இன்ஜூடிஷியஸ்தான். அதனால் நான் "தேவையறியாமல்" என்று எழுதுகிறேன். விவசாயிக்கு உடனே விளங்குகிறது.

ஆன்டிபயாடிக் பற்றிய துண்டறிக்கைக்கும் இதே சொல் பொருந்துகிறது. வைரஸால் வந்த சளிக்கு ஆன்டிபயாடிக் விழுங்குவது, போன முறை மிச்சமான மாத்திரையை இந்த முறை காய்ச்சலுக்குப் போடுவது எல்லாம் இன்ஜூடிஷியஸ் யூஸில் அடங்கும். இவற்றில் எதுவும் அளவு மீறியதால் வந்த தவறு இல்லை. கோபில்டின் விளக்கத்தில் "மோசமாக எடைபோடுதல்" என்ற கரு இருப்பதால்தான் இத்தனை இடங்களுக்கும் அதிலிருந்து வழி பிறக்கிறது. அளவைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிரிக்கெட் வர்ணனையிலும் வரும். உணவு இடைவேளைக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வெளியே போகிற பந்தைத் துரத்தி அடித்து விக்கெட்டைக் கொடுத்தால் அது இன்ஜூடிஷியஸ் ஷாட்.

அகராதியைச் சோதிக்க இதன் பங்காளிச் சொற்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஃபூலிஷ், ராஷ், இம்ப்ரூடன்ட், இல்-அட்வைஸ்ட், ஃபூல்ஹார்டி. பெரும்பாலான அகராதிகளில் இவை ஒன்றையொன்று சுட்டிக்கொண்டே வட்டமடிக்கும். ஃபூலிஷ் என்றால் அன்வைஸ், அன்வைஸ் என்றால் ஃபூலிஷ். படிப்பவர் சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பார். கோபில்ட் இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ராஷ் என்றால் யோசிக்காமல் இறங்குவது, அதனால் தவறு நேர்வது. ஃபூல்ஹார்டி என்றால் ஆபத்து மிக அதிகம் என்பதால் சொல்பவர் அதை ஏற்கவில்லை. இல்-அட்வைஸ்ட் என்றால் செய்த காரியம் புத்திசாலித்தனமானதாக இல்லை.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அட்வைஸ் என்ற சொல் கண்ணில் பட்டவுடன் "தவறாக அறிவுரை கூறப்பட்ட" என்று எழுதிவிடுவார்கள். அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒருவர் தானாகவே எடுத்த முடிவும் இல்-அட்வைஸ்ட் ஆகலாம். "இந்த நேரத்தில் அப்படிச் செய்தது சரியான யோசனையாகப் படவில்லை" என்று தமிழில் சொன்னால் தொனி பொருந்தும். இந்த வரிசையில் மிக மென்மையான சொல் இதுதான் என்று எனக்குப் படும். ஒருவரை நேரடியாகத் தாக்காமல் அவர் செய்ததை மட்டும் தனியாக எடுத்துக் குறை சொல்ல முடிகிறது.

ராஷ் நம் ஊரில் காவல் நிலையத்துச் சொல்லாகிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு ராஷ் டிரைவிங் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு வந்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எழுதி எழுதி அந்தத் தொடர் தமிழில் அச்சாகிவிட்டது. வேகம் என்பது ராஷின் ஒரு வடிவம்தான். ஆபத்து நேரலாம் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் போவதுதான் சட்டத்தில் அதன் சாரம். மெதுவாக ஓட்டியபடியே ஒருவழிப் பாதையில் எதிரே புகுந்தாலும் ராஷ் ஆகலாம். இந்தச் சட்டப் பொருளைக் கோபில்ட் தராது. அதற்குச் சட்ட அகராதி வேண்டும்.

இம்ப்ரூடன்ட் பணத்தோடு ஒட்டி வரும். நரசிம்மம் குழு 1991இல் கொடுத்த பரிந்துரைக்குப் பிறகு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளுக்குப் புரூடென்ஷியல் நார்ம்ஸ் என்று பெயர். கடன் திரும்பி வராவிட்டால் அதை எப்போது வாராக்கடன் என்று வகைப்படுத்துவது, அதற்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்பதெல்லாம் அதில் வரும். நாளைக்கு என்ன ஆகும் என்று இன்றைக்கே யோசித்து வைப்பது புரூடன்ஸ். அந்த யோசனை இல்லாமல் கடன் கொடுத்தால் இம்ப்ரூடன்ட். இன்ஜூடிஷியஸுக்கும் இதற்கும் நூலிழை வித்தியாசம்தான். முன்னதில் எடைபோட்டது தவறு, பின்னதில் வருங்காலத்தை யோசிக்காதது தவறு. இந்த நூலிழையைக் கோபில்ட் முழுதாகப் பிடித்துக் காட்டவில்லை என்றுதான் சொல்வேன். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தாலும், எடுத்துக்காட்டுகளைப் பார்த்து நாமேதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் மகளுக்கு இருந்த சிக்கல் வேறு. ஜூடிஷியல், ஜூடிஷியஸ், இரண்டும் ஒன்றுதானே என்றாள். லத்தீன் வேர் ஒன்றுதான். ஆனால் ஜூடிஷியல் என்பது நீதிமன்றத்தைச் சேர்ந்தது, நீதிபதிக்கு உரியது. அதில் மெச்சலும் இல்லை, குறையும் இல்லை. ஜூடிஷியஸ் என்பது யாருக்கும் பொருந்தும். யூரியா போடுகிறவருக்கும் பொருந்தும். இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் அடிக்கடி ஒரு கருத்து வரும்: ஜூடிஷியல் டிஸ்கிரிஷன் என்பதை ஜூடிஷியஸ்லி பயன்படுத்த வேண்டும் என்று. இரண்டையும் "நீதியான" என்று மொழிபெயர்த்தால் வாக்கியம் தன்னையே திரும்பச் சொல்வதாகிவிடும். "நீதிமன்றத்துக்கு உள்ள விருப்புரிமையை ஆய்ந்து நிதானத்தோடு பயன்படுத்த வேண்டும்" என்று எழுதினால்தான் அதில் அறிவுரை இருப்பது தெரியும். அவள் இரண்டு பதிவுகளையும் தானே படித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றில் ஒப்புதல் குறிப்பு இருக்கிறது, இன்னொன்றில் எதுவும் இல்லை" என்றாள். நான் விளக்கிச் சொல்வதைவிட அந்தச் சின்னக் குறிப்பு அவளுக்கு வேகமாக வேலை செய்தது. பிறகு இன்ஜூடிஷியஸைப் புரட்டியபோது, அதே பத்தியில் கீழே இன்ஜங்ஷன் இருந்ததையும் பார்த்தாள். தேர்வுக்கு அவள் உறுத்துக்கட்டளை என்று தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொல். அச்சுப் புத்தகத்தைப் புரட்டினால் இப்படித் தேடாத சொல்லும் கண்ணில் படும்.

மற்ற அகராதிகள் மோசமா என்றால், இல்லவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதிக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய இரண்டு தோழர்களும் சேர்ந்து தொகுத்து, 1942இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் மறுபடி வெளியிட்டது. ஆங்கிலத்தைப் பிற்காலத்தில் கற்றுக்கொள்கிறவருக்கு வாக்கிய அமைப்பைச் சொல்லித் தர வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்த புத்தகம் அது. இன்றும் வினைச்சொற்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். லாங்மன் 1978இல் ஒரு கட்டுப்பாட்டோடு வந்தது. சுமார் 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் விளக்குவது என்று முடிவு செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு லாங்மன்தான் நல்லது. பெயரடைகளுக்கு, அதிலும் குறை சொல்லும் பெயரடைகளுக்கு, கோபில்ட் ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்ப் பக்கத்தில் இரண்டு நூல்களை விட முடியாது. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி இன்றும் பெரிய புதையல். கலைச்சொல் தேடும்போது நான் முதலில் போவது அங்கேதான். இன்னொன்று க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாவது, 2020இல் மூன்றாவது. அதில் தமிழ்ச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். கோபில்டில் ஆங்கிலச் சொல்லின் தொனியைத் தெரிந்துகொண்டு, தமிழில் தோன்றும் இரண்டு மூன்று சொற்களை க்ரியாவில் எடுத்து, அவை எந்த வாக்கியத்தில் எப்படி உட்காருகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் இந்த ஜோடியை ஒருமுறை முயன்று பாருங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் பிறகு யாராவது "ஏன் இந்தச் சொல்?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும்.

கோபில்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முழு வாக்கியத்தில் விளக்குவது பெயரடைக்குப் பொருத்தம். நாற்காலிக்கும் கத்தரிக்கோலுக்கும் அது வளவளப்பாகத் தெரியும். "இப்படி வர்ணித்தால்" என்ற தொடக்கம் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் சிலருக்குச் சலிப்புத் தட்டலாம். தரவு பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா பக்கத்து எழுத்திலிருந்து வந்தது. நம் அலுவலக ஆங்கிலம், நீதிமன்ற ஆங்கிலம் அதில் மிகக் குறைவு. இன்ஃப்ரக்சுவஸ் மாதிரிச் சொற்களுக்கு வேறு இடம் தேட வேண்டியிருப்பது அதனால்தான். ஜட்ஜ்மென்ட் என்ற சொல்லை நம் நீதிமன்றங்கள் நடுவில் 'ஈ' இல்லாமல் எழுதுகின்றன. பிரிட்டனில் பொதுப் பொருளில் 'ஈ' போட்டும் எழுதுகிறார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் நம் நீதிமன்ற வழக்கத்தையே பின்பற்றுவது பத்திரம். பழைய இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் இது போதாது, வழக்கொழிந்த சொற்கள் இதில் கிடைக்காது. சொல்லின் பிறப்பு வரலாறும் எதிர்பார்க்க வேண்டாம். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டவர்கள் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டும். புத்தகமும் கனம்.

யாருக்கு வேண்டாம் என்றால், ஒரு சொல்லுக்குத் தமிழில் சட்டென்று பொருள் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது வேண்டாம். ஆங்கிலம்-தமிழ் அகராதியே அவர்களுக்குப் போதும். மொழிபெயர்க்கிறவர்கள், ஆங்கிலத்தில் அறிக்கையோ கடிதமோ எழுதுகிறவர்கள், உயர்வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், நீதித்துறைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும்.

புதிய பதிப்பு விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை (இப்போது பாரதி சாலை) ஓரத்துப் பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். பெயரடைகளின் பொருள் இருபது வருடத்தில் பெரிதாக மாறிவிடாது. வாங்கும்போது நடுவில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, முதுகுப் பசை தாங்குகிறதா என்று பாருங்கள். 1987, 1995 பதிப்புகளில் விளக்கத்துக்குப் பக்கத்திலேயே தனிப் பத்தியில் இலக்கணக் குறிப்புகள் இருக்கும். அது எனக்கு மிகவும் பயன்படுகிறது, கிடைத்தால் விடாதீர்கள். புத்தகமே வேண்டாம் என்பவர்களுக்குக் காலின்ஸ் தளத்தில் கோபில்ட் விளக்கங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே ஒரே பக்கத்தில் வேறு காலின்ஸ் அகராதிகளின் விளக்கமும் கலந்து வரும், அதனால் கோபில்ட் என்று பெயர் போட்டிருக்கும் பகுதியை முதலில் படியுங்கள். அண்ணன் மகள் இப்போதைக்குக் கைபேசியில் அதைத்தான் பார்க்கிறாள். தேர்வு முடிவதற்குள் புத்தகமாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.